பின்மூடிக்குள் ஒரு வரைபடம்

இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வழியாக ஒரகடம் வரை ஒரு சுற்று வந்தால், நாட்டில் ஓடுவதும் ஒலிப்பதும் ஒளிர்வதும் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கிறதோ என்று சந்தேகம் வரும். 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா, அடுத்த வருடம் சாம்சங், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இப்போது ஐபோன். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் நகர வழியில்லாமல் நிற்கும். உள்ளே கழுத்தில் அடையாள அட்டையோடு தூங்கிக்கொண்டிருக்கும் எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு வருகிறவர்கள், அல்லது செய்யப் போகிறவர்கள்.

இப்படிப்பட்ட ஊரில் நாலு வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சால்டரிங் அயர்ன் கேட்டுப் பாருங்கள். கிடைக்காது. எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் இருக்கிறார். ஒருவர் போர்டில் பாகம் வைக்கும் எஸ்.எம்.டி. லைனில். எதிர்வீட்டுப் பையன் குவாலிட்டி. நானே ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். ஆனால் காலிங் பெல் கெட்டால் எல்லோரும் போனை எடுத்து ஆளைக் கூப்பிடுகிறோம். என் அயர்ன் பரணில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் பக்கத்தில் எங்கோ கிடக்கிறது. பகலெல்லாம் கருவிகளோடு இருந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொடக் கை வருவதில்லை.

நான் ஏங்குவது ஒரு மேசைக்காக. உடைந்த தையல் மிஷினின் இரும்புக் கால்மேல் ஒரு பலகையைப் போட்டு ஆணி அடித்த மேசை அது. எங்கள் ஊர் வீட்டின் வாசல் அறையில், ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் எதுவும் மூடியோடு இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. வயிறு திறந்த டிரான்சிஸ்டர், பெல்ட் அறுந்த டேப் ரெக்கார்டர், காயலான் கடையிலிருந்து வாங்கிய மோட்டார், ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம், மாத்திரை டப்பாக்களில் பிரித்து வைத்த ஸ்க்ரூக்கள். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போய் அம்மா தட்டை அங்கேயே கொண்டுவந்து வைக்க இடம் தேடுவாள். இடம் இருக்காது.

எங்கள் ஊரான ஸ்ரீபெரும்புதூர் அப்போது கோயிலூர். ராமானுஜர் பிறந்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில், ஏரி, நெல். 1991-க்குப் பிறகு வெளியூர்க்காரர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் ராஜீவ் காந்தி என்பார்கள். தொழிற்சாலை என்ற சொல்லே அந்தப் பக்கம் புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. அந்தக் கடை அண்ணன்தான் எனக்கு முதல் வாத்தியார். கடைக்குள் போகக் கூடாது. படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். மூன்றாவது நாளே படிக்கட்டிலிருந்து ஸ்டூலுக்கு வந்துவிடுவோம்.

ஒரு செட் வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் எதையும் தொடாமல் பின்மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பது. மூடியின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். மஞ்சளடித்து, ஓரம் கரையான் தின்றிருந்தாலும் பரவாயில்லை. அதில் அந்த ரேடியோவின் சர்க்யூட் முழுவதும் வரைந்திருக்கும். எந்த டிரான்சிஸ்டர், எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், ஐ.எஃப். காயில் எது, எல்லாம். "கம்பெனிக்காரனே கைய புடிச்சிக் கூட்டிட்டுப் போறான் பாரு. நாம பின்னாடியே போனா போதும்," என்பார் அண்ணன். மல்டிமீட்டரின் கருப்பு முனையை பூமியில் கவ்வவிட்டு, சிவப்பு முனையை ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். ஒரு இடத்தில் முள் அசையாது. அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் இருக்கிறது கோளாறு. அவ்வளவுதான். பிறகு நான் படித்த ஐ.டி.ஐ.யிலும், பார்த்த எல்லா வேலையிலும் கோளாறு கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழியை யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு பொருளைச் செய்தவன், அதை ஒருநாள் யாரோ திறக்கப் போகிறான் என்று எதிர்பார்த்து, அந்த யாரோவுக்கு ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சாலிடேர், டயனோரா என்று சென்னைப் பெயர் போட்டு வந்த டிவிக்கும் சர்க்யூட் படம் ரிப்பேர் கடைகளில் கைமாறிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கைக்கு நாங்களும் குறை வைக்கவில்லை. திறந்தோம்.

திறப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதையே வாங்கி, வாங்கிய கையோடு பிரித்துப் போட்டார். மறுபடி மாட்டினார். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த மனிதர் பின்னாளில் பஸ் கம்பெனி நடத்தியதும், மின்சார ரேசர் செய்ததும், மலிவு ரேடியோ செய்ததும் அந்தப் பிரித்துப் போட்ட வண்டியிலிருந்து வந்தவை என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

பாகம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டும். பூந்தமல்லியில் பஸ் மாறி, மவுண்ட் ரோட்டில் சிம்சன் பக்கம் இறங்கி, கேசினோ தியேட்டரைத் தாண்டி உள்ளே நுழைந்தால் ஒரு சந்து முழுக்க எங்கள் உலகம். சட்டைப் பையில் ஒரு சீட்டு. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டை வாங்கி, சின்னச் சின்ன இழுப்பறைகளைத் திறந்து, காகித டேப்பில் ஒட்டிய ரெசிஸ்டர்களை முழம் போடாத குறையாகக் கத்தரித்து, பி.சி.547 டிரான்சிஸ்டர் பத்து, 1என்4007 டயோடு நாலு, 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று என்று காகிதப் பொட்டலமாகக் கட்டித் தருவார். ரெசிஸ்டரின் மேலிருக்கும் நிற வளையங்களைப் படிக்க "பி.பி. ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்" என்று தொடங்கும் ஒரு மந்திரம் உண்டு, ஐ.டி.ஐ. பையனிலிருந்து எஞ்சினியரிங் மாணவன் வரை இந்தியாவில் எல்லோருக்கும் தெரியும். பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு என்றால் பத்து கிலோ ஓம். இங்கிலீஷ் பேப்பரில் பாஸ் மார்க் வாங்காதவனும் ராயை மறக்க மாட்டான்.

எங்கள் தலைமுறையில் இந்த வேலைக்கு இறங்கிய எவனும் செய்யாமல் விடாத ஒன்று எல்.ஏ.4440 ஆம்ப்ளிஃபையர். சான்யோவின் ஐ.சி. பதினாலு கால். 12 வோல்ட் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஆறாறு வாட். சுற்றி வைக்க ஒரு கைப்பிடி பாகம் போதும். போர்டை நாமேதான் செய்ய வேண்டும். செம்பு பூசிய தகட்டை வாங்கி, தேய்த்துத் துடைத்து, எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ பத்திரிகையில் வந்த லே-அவுட்டைக் கார்பன் பேப்பர் வைத்துப் பதித்து, கோடுகளின்மேல் பெயின்டோ அக்காவின் நெயில் பாலிஷோ பூசிக் காயவைக்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஃபெர்ரிக் குளோரைடைக் கரைத்து அதில் தகட்டை இட்டு மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு பளபளத்த செம்பு மங்கி இளஞ்சிவப்பாகும். ஓரத்தில் ஆரம்பித்து, மூடாத இடமெல்லாம் கரைந்து, அடியிலிருக்கும் பழுப்பு அட்டை தெரியத் தொடங்கும். கடைசிச் செம்புத் திட்டும் போன நொடியில் எடுத்துவிட வேண்டும். விட்டால் பெயின்டுக்கு அடியில் புகுந்து கோட்டையே அரித்துவிடும். சட்டையில் ஒரு சொட்டு பட்டால் அந்தத் துருக்கறை எந்த சோப்புக்கும் போகாது. அக்காலத்தில் எங்களை யார் என்று சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஐ.சி.யை அலுமினியத் துண்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கி, டிரான்ஸ்ஃபார்மரைப் பூட்டி, பிளக்கைச் செருகினால் முதலில் கேட்பது பாட்டல்ல. "உம்ம்" என்று ஒரு ரீங்காரம். அதைக் கேட்டதும் ஏற்படும் சந்தோஷம் பாட்டைக் கேட்டுக்கூட எனக்கு வந்ததில்லை. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பூமி ஒயரை இடம் மாற்றி, இன்னொரு கண்டன்சர் சேர்த்து ரீங்காரத்தை அடக்கலாம். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யக் காசு இருக்காது. பானைக்கடையில் ஒரு குடம் வாங்கியோ வீட்டுப் பானையை எடுத்தோ அதன் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தால் போதும். பேஸ் அள்ளிக்கொண்டு வரும். ஒரு தெருவில் எத்தனை பையன்கள் சர்க்யூட் கட்டுகிறார்கள் என்பது எத்தனை வீட்டில் தண்ணீர்ப் பானை காணாமல் போனது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னும் துணிந்தவர்கள் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கட்டினார்கள். ஒரு டிரான்சிஸ்டர், பேனாத் தண்டில் சுற்றிய நாலைந்து சுற்றுக் காயில், ஒரு மைக். பக்கத்து வீட்டு ரேடியோவில் நம் இருமல் கேட்கும். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் இருமியிருப்போம். பிஹாரில் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூரில் ராகவ் மகதோ என்ற ரிப்பேர் கடைப் பையன் இப்படித்தான் ஐம்பது ரூபாய்ச் சாமானில் ஒரு வானொலி நிலையமே நடத்தினான். சுற்று வட்டாரமே கேட்டது. லைசென்ஸ் இல்லை என்று 2006-ல் அதை மூடினார்கள். அதே வருடம்தான் எங்கள் ஊரில் நோக்கியா திறந்தது.

நோக்கியா வந்ததை நான் குறை சொல்லப் போவதில்லை. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைக்குப் பிளஸ் டூ முடித்தால் கல்யாணம், இல்லாவிட்டால் வயல். அந்த ஆலையில் லைனில் நின்றவர்களில் பெண்களே அதிகம். உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய எட்டாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அதைச் சுற்றி உதிரி பாகம் செய்கிற கம்பெனிகள் வேறு. என் சித்தி மகளும் அந்த வட்டாரத்தில் ஒரு போன் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் சித்திக்கு ஒரு போன் வாங்கித் தந்தாள். ஊரில் இரவு பத்து மணிக்கு ஒரு பெண் பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கி நடந்து வருவதை முதல்முதலில் நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

அந்த போன்களும் நம்மோடு ஒத்துப்போகிறவைதான். விரல் நகத்தால் பின்மூடி கழன்றுவிடும். உள்ளே பேட்டரி, அதற்கடியில் சிம். கீழே விழுந்தால் மூன்றாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் ஓடும். பொறுக்கி மாட்டினால் பேசும். உள்ளே போக வேண்டுமென்றால் ஆறு மூலை நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். தண்ணீரில் விழுந்த போர்டைத் தின்னர் தொட்ட பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து உயிர் கொடுத்த கடைகள் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரிசையாக இருந்தன. சார்ஜரில் பெரிய பின், சின்னப் பின் என்று இரண்டே ஜாதி.

பி.எல்.-5சி பேட்டரி விவகாரம் நினைவிருக்கிறதா? 2007 ஆகஸ்டில் மட்சுஷிடா செய்து கொடுத்த 4.6 கோடி பேட்டரிகள் சூடாகக் கூடும் என்று நோக்கியா அறிவித்தது. நாடே அன்று போனின் முதுகைத் திறந்தது. டீக்கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில் ஆளாளுக்குப் பேட்டரியைக் கழற்றி, பின்னாலிருக்கும் 26 எழுத்து எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிகள்கூடக் கழற்றினார்கள். 4.6 கோடிப் பழுதை பேட்டரியை மாற்றித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கம்பெனி தைரியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் ஒரு நகம். இன்று அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் போனையே பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டியதுதான். அந்த பி.எல்.-5சி இன்னும் சாகவில்லை. சைக்கிளில் தொங்கும் சின்ன எஃப்.எம். ரேடியோக்களின் பின்னால் திறந்து பாருங்கள், அதே அளவு, அதே மூன்று பட்டை.

ஒருநாள் சித்தி மகளின் போன் செத்துப்போனது. என்னிடம் கொண்டுவந்தாள்.

"நீதானே செய்யிற, நீயே தொற," என்றேன்.

"நான் டெஸ்டிங்ண்ணா. ஸ்க்ரூ போடறது வேற ஸ்டேஷன். உள்ள இன்னா இருக்குன்னு நான் பாத்ததேயில்ல."

கிண்டலாகச் சொல்லவில்லை. ஷிப்டுக்கு ஷிப்ட் ஆயிரக்கணக்கான போன்கள் அவள் கையைக் கடந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் பச்சை விளக்குக் காட்டுகிறதா என்று பார்ப்பது அவள் பங்கு. உள்ளே இருக்கும் போர்டை மெஷின் செய்கிறது: பசை மாதிரியான சால்டர் பேஸ்டை அச்சுத் தகட்டின் வழியாகத் தடவி, ரீலிலிருந்து மண்துகள் போன்ற பாகங்களை எடுத்து வைத்து, நீண்ட அடுப்புக்குள் அனுப்பி வெளியே எடுக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் ரெசிஸ்டரில் நிற வளையம் போட இடமில்லை. ராய்க்கும் அங்கே வேலை இல்லை. மனிதக் கை வருவது கடைசியில், ஒரு ஸ்க்ரூவுக்கு, ஒரு டேப்புக்கு, ஒரு டெஸ்டுக்கு. குறையாகச் சொல்லவில்லை, அப்படிப் பிரித்தால்தான் ஒரு போன் நம் பைக்கு எட்டும் விலைக்கு வரும். ஆனால் எங்கள் மேசையில் ஒருவன் ஒரு மட்டமான ரேடியோவை முழுசாகச் செய்தான். இங்கே எட்டாயிரம் பேர் சேர்ந்து அருமையான போனைச் செய்தார்கள்; முழுசாக யாரும் செய்யவில்லை.

அன்று அவள் போனை நாங்கள் இருவரும் திறந்தோம். நட்சத்திர டிரைவரை அவள் கையில் கொடுத்தேன். முதல் ஸ்க்ரூ தளர்ந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். போர்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இதுதான் நான் பாஸ் போடறதா?" என்றாள்.

போர்டில் சால்டர் மங்கலாக இருப்பதைக் காட்டி, "டிரை ஆயிருக்குமோ?" என்று நான் சந்தேகப்பட்டேன். எங்கள் காலத்துக் கண் அது. அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம் சேர்ந்த கம்பியில் வைத்த ஜாயின்ட் சரியாக ஓடியிருந்தால் கண்ணாடி போல் மின்னும். கொஞ்சம் ஆடிவிட்டால், சூடு போதாவிட்டால், ஆறிய நெய் மாதிரி மங்கிப் பொரிப்பொரியாக நிற்கும். அதுதான் டிரை சால்டர். அந்தக் காலத்து டிவியைத் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்ததற்கெல்லாம் காரணம் அந்த ஒரு விரிசல்தான். அவள் சொன்னாள், "இப்ப காரீயம் போடறதில்லண்ணா. டிரெய்னிங்ல சொன்னாங்க. இப்பிடித்தான் இருக்கும்." உண்மைதான். ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து மின்னணுப் பொருளில் காரீயத்துக்குத் தடை. அதனால் வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் கலந்த சால்டர் வந்தது. 217 டிகிரியில்தான் உருகும், பழையது 183-லேயே இளகத் தொடங்கும். புதியது மங்கலாக இருந்தாலும் நல்ல ஜாயின்ட்தான். முழுப் பொருளைப் பார்த்தவனுக்கு ஒன்று தெரியவில்லை, பாதிப் பொருளைப் பார்த்தவளுக்கு அது தெரிந்திருந்தது. இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்ததால் இரண்டும் ஒன்று சேர்ந்தது. காரீயக் கம்பியைக் கையிலேயே பிடித்து வளர்ந்த எனக்கு அந்தத் தடை நியாயமாகவும் பட்டது.

2014 நவம்பர் 1-ம் தேதியோடு நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. வரித் தகராறும், போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை கணக்கில் சேராததும் சேர்ந்து அதை மூடின. பிறகு அதே கட்டடத்தை சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கி சார்ஜர் செய்கிறது. ஊர் அதற்குள் அடுத்த கம்பெனிக்கு நகர்ந்துவிட்டது. 2024-ல் வல்லம் வடகாலில், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். அத்தனை கைகள். ஒரு மேசை போட்டால் என்னென்ன செய்யும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் மேசை கடைசியாகக் களைகட்டியது மின்வெட்டுக் காலத்தில். 2012-ல் சென்னைக்கு வெளியே அரை நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத நாள்கள் இருந்தன. தொழிற்பேட்டையில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்கும். எங்கள் தெரு இருட்டாக இருக்கும். இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸைத் தேடிப் போனார்கள். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, கனமான ஒயரில் பழைய கார் பேட்டரியை இணைத்தால் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் மணிக்கணக்கில் ஓடும். சிக்கல் என்னவென்றால், அந்த யு.பி.எஸ்.ஸின் டிரான்ஸ்ஃபார்மர் கம்ப்யூட்டரை மூடிவைக்கக் கால் மணி நேரம் தாக்குப்பிடிப்பதற்கென்று செய்தது. மணிக்கணக்கில் ஓடினால் தொட முடியாத அளவு சுடும். அதற்கு மூடியில் ஓட்டை போட்டு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு குட்டி ஃபேனை எடுத்துப் பொருத்துவோம். எத்தனை வீட்டுக்கு அப்படிச் செய்து கொடுத்தோம் என்று கணக்கில்லை. ஸ்பீக்கர்களும் அப்போது தாராளமாகக் கிடைத்தன. 2006-லிருந்து அரசு கொடுத்த இலவசக் கலர் டிவிகளில் கெட்டவை காயலான் கடைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஊரே ஒருவர் வீட்டுப் பொருளை இன்னொருவர் வீட்டுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தது. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியதும் அந்த யு.பி.எஸ்.கள் மூலைக்குப் போயின. நல்லதுதான். தேவை தீர்ந்தால் மேசையும் காலியாகும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது திறக்க முடியாதா என்றால், முடியாது என்று யாரும் சொல்வதில்லை, முடியாதபடி செய்கிறார்கள். ஸ்க்ரூ இருந்த இடத்தில் பசை. பசையை இளக்கச் சூடு வேண்டும், கண்ணாடி விரியாமல் தூக்க உறிஞ்சி வேண்டும். ஸ்க்ரூ இருந்தால் ஐந்து இதழ் வைத்த தனி வடிவம். ஒரு போனின் அசல் பாகத்தையே இன்னொன்றில் மாட்டினாலும், எண் பொருந்தவில்லை என்று திரையில் எச்சரிக்கை வருகிற காலம். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் பசை என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. எங்கள் பழைய செட்டுகளை நினைத்து உருகுகிறவர்கள் அவை மாதத்துக்கு ஒருமுறை கடைக்குப் போனதை மறந்துவிடுகிறார்கள். தட்டினால்தான் படம் தெரியும் டிவி எனக்கு மறுபடி வேண்டாம். எனக்கு வேண்டியது அந்தக் காகிதம் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவனுக்குச் சொல்வதில் அவமானமில்லை என்று நினைத்த ஒரு மனசு.

உலகம் அந்தப் பக்கம் மெல்லத் திரும்புவதாகத் தெரிகிறது. பிரான்ஸில் 2021-ல் போனுக்கும் மடிக்கணினிக்கும் எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று விதி வந்தது. 2027 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பாவில் விற்கும் கருவிகளின் பேட்டரியை, சில விலக்குகள் போக, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நகத்துக்கு மறுபடி வேலை வரலாம். நம் நுகர்வோர் துறையும் 2022-ல் ரிப்பேர் உரிமைக்கென ஒரு குழுவும் தளமும் அமைத்தது. ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டிகளில் எத்தனையோ இந்தச் சாலை வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகின்றன. அந்தச் சட்டத்துக்குப் பொருந்தும் போனை வல்லத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ ஒரு பெண் டெஸ்ட் செய்து அனுப்பினால், அதைத் திறக்கும் உரிமை அவளுக்கும் இருக்க வேண்டாமா?

என் மேசையிலும் ஒரு கோணல் இருந்தது. அதில் பெண்பிள்ளை உட்கார்ந்ததில்லை. அக்காவிடமிருந்து நெயில் பாலிஷ் மட்டும் வரும், அக்கா வரமாட்டாள். "கரண்ட் சமாச்சாரம், உனக்கெதுக்கு" என்று எல்லா வீட்டிலும் சொல்லிவைத்திருந்தார்கள். தொழிற்சாலைகள் வந்துதான் அவர்கள் கையில் கருவி கொடுத்தன. மேசையை நாங்கள் கொடுக்கவில்லை.

ஆனால் நாங்கள் கொடுக்காத மேசையை அவர்கள் வேறு இடத்தில் போட்டுக்கொண்டார்கள் என்று எனக்கு இப்போது படுகிறது. வீட்டில் இன்னமும் ஸ்க்ரூவோடு இருக்கும் ஒரே கருவி மிக்ஸி. ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் தேயும் ரப்பர் கப்ளர் தனியாகக் கடையில் கிடைக்கும். ஜாரில் புஷ் கிடைக்கும், பிளேடு கிடைக்கும், கேஸ்கெட் கிடைக்கும். மோட்டாரின் இரண்டு பக்கமும் கார்பன் பிரஷ், தேய்ந்தால் மாற்றலாம். அரிசியை அதிகமாகப் போட்டு நின்றுவிட்டால், அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் மறுபடி ஓடும். மிக்ஸி ரிப்பேரில் பாதி அந்தப் பொத்தான்தான். இந்த நாட்டில் தேங்காயும் உளுந்தும் அரைப்பவர்களிடம், கப்ளர் போனால் புது மிக்ஸி வாங்கு என்று சொல்லும் துணிச்சல் இன்னும் எந்தக் கம்பெனிக்கும் வரவில்லை.

போன வாரம் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது அவள் லைன் லீடர். மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டு, கட்டிங் பிளேயரால் சுழல்தண்டைப் பிடித்துக்கொண்டு, பழைய கப்ளரைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் கை கொடுக்கப் போனேன்.

"நீ உக்காருண்ணா. எதிர்ப்பக்கமா சுத்தணும் இத, உனக்குத் தெரியாது," என்றாள்.

எனக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அயர்னை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுக்கப் போகிறேன். அவள் வீட்டு ரிமோட் ஒன்று ரொம்ப நாளாக வேலை செய்யவில்லையாம். டிரை சால்டராகத்தான் இருக்கும்.